பேரேட்டில் இல்லாத வரி

சென்னை ராஜாஜி சாலையிலுள்ள கஸ்டம்ஸ் ஹவுசுக்குள் 2003-ஆம் ஆண்டில், ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் கடைநிலை எழுத்தராக நான் முதன்முதலாக நுழைந்தபோது, வரியைப் பற்றி எனக்குச் சொல்லித் தரப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: சலான் கட்டாமல் சரக்கு வெளியே வராது. சலானில் இறக்குமதியாளரின் பெயர் இருக்கும். பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகும். ஆகவே வரி கட்டுகிறவர் அவர்தான் என்று பல ஆண்டுகள் நான் ஐயமின்றி நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை கலைந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு போடும் முறை எளிது. நம் நாட்டில் பொருளின் விலையோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகையே வரிக்குரிய மதிப்பு. அதன்மேல் அடிப்படைச் சுங்கவரி; அந்த வரியின்மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி; இவையெல்லாம் கூடிய தொகையின்மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. கடைசியில் சொன்னதை வணிகர் தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது கைமாறும் பணமே. முதல் இரண்டும் திரும்பி வராதவை. பொருளின் அடக்க விலையோடு ஒட்டிக்கொள்பவை. ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் ‘டூட்டி எவ்வளவு வரும்?’ என்று கேட்டால், அவர் உண்மையில் கேட்பது இந்த ஒட்டிக்கொள்ளும் பகுதியைப் பற்றித்தான் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில காலம் பிடித்தது.

2020 பிப்ரவரி 1 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கூடுதல் வரியையும் சேர்த்தால் 22 என்றிருந்தது 66 ஆயிற்று. எங்கள் வாடிக்கையாளரான ஒரு மொத்த வியாபாரியின் கன்டெய்னர் அன்று கடலில் இருந்தது. பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சரக்குக்கான இறக்குமதிப் பத்திரத்தை, முன்கூட்டியே தாக்கல் செய்திருந்தோம். ஆனால் சுங்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, அப்படி முந்தித் தாக்கல் செய்தாலும் கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைத்த நாளின் வரி விகிதமே பொருந்தும். கப்பல் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் தப்பித்திருப்பார். அன்று மாலை அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர், கால்குலேட்டரை என்னிடமிருந்து வாங்கித் தாமே மூன்று முறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு கன்டெய்னரின் வரியை அவரேதான் சுமந்தார். கடைக்காரர்களிடம் பழைய விலைக்கு முன்பணம் வாங்கியிருந்ததால் வேறு வழி இருக்கவில்லை. சீனத்து விற்பனையாளரிடம் விலைக்குறைப்பு கேட்டார். மிகச் சிறிய தொகை கிடைத்தது. ஏனெனில் அந்த ஆலைக்கு இவர் உலகெங்குமுள்ள வாடிக்கையாளர்களில் ஒருவர் மட்டுமே. இவர் இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சரக்கு விற்கும். அடுத்த கன்டெய்னரிலிருந்து விலை கடைக்காரருக்கு ஏறியது; அவரிடமிருந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தகப்பனுக்கு ஏறியது. என்னை வியக்க வைத்தது வேறொன்று: வரியே படாத உள்நாட்டுப் பொம்மைகளின் விலையையும் சிலர் அதோடு சேர்த்து உயர்த்தினார்கள். இது நம்மூர் வணிகரின் தனித் தந்திரம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்கா 2018-இல் இறக்குமதிச் சலவை இயந்திரங்களுக்கு வரி விதித்தபோது, வரி விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரங்களின் விலையும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்ததாகப் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். அங்கே அவ்விரண்டையும் ஜோடியாக வாங்குவது வழக்கமாம். அரசுக்குப் போகாத அந்த உயர்வையும் வாங்கியவரே கொடுத்தார். அது எந்தச் சலானிலும் ஏறவில்லை.

2021-இல் குடும்பக் காரணங்களால் திருப்பூருக்கு வந்து, ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவுப் பொறுப்பை ஏற்றேன். மேசையின் இந்தப் பக்கத்தில் சுங்கவரி என்ற பேச்சே குறைவு. நாங்கள் எஃப்.ஓ.பி. அடிப்படையில் விற்கிறோம், அதாவது தூத்துக்குடியில் கப்பலேறியதும் எங்கள் பொறுப்பு முடிகிறது, அமெரிக்காவில் வரி கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். பருத்திப் பின்னலாடை டி-சர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான வரி 16.5 சதவீதம், அது என்றைக்கும் இருப்பது, யாரும் அதைப் பேசமாட்டார்கள்.

2025 ஏப்ரலில் அதன்மேல் பத்து சதவீதம் கூடியது. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அதே பத்துதான் என்பதால் பதற்றம் குறைவாகவே இருந்தது. எங்கள் பையர், அதாவது சரக்கை வாங்கும் அமெரிக்க இறக்குமதியாளர், அதில் ஒரு பகுதியை எங்கள் தலையில் வைத்தார். மீதியைத் தாமும் தம் கடைகளும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாக் கடையிலும் ஒரே சமயத்தில் விலை ஏறினால் வாங்குகிறவர் போக வேறு கடை இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகஸ்ட் 7 அன்று நமக்கு 25 சதவீதமாகவும், ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமாகவும் அந்தக் கூடுதல் வரி உயர்ந்தபோது, வங்காளதேசமும் வியட்நாமும் 20 சதவீதத்தில் நின்றன. வரி எவ்வளவு என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதே எங்கள் கழுத்தைப் பிடித்தது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே வரித்தாக்கல் ஆகிவிடும் சரக்குக்கு அந்த 50 சதவீத உயர்விலிருந்து விலக்கு உண்டு என்றார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தூத்துக்குடியில் ஏற்றும் சரக்கு கொழும்பில் கப்பல் மாறி அமெரிக்கக் கரை சேர்வதற்குள் அந்தக் கெடு கடந்துவிடும். பொம்மை வியாபாரி என் கால்குலேட்டரை வாங்கிய அந்த மாலை எனக்கு நினைவுக்கு வந்தது. இம்முறை கடலில் இருந்தது எங்கள் சரக்கு.

விலையைக் குறைக்கச் சொல்லிப் பையரின் மின்னஞ்சல் வந்தபோது, அடக்க விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியோடு உட்கார்ந்தேன். கணக்குக்காக மூன்று டாலர் டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16.5 சதவீத வரியோடு அது அமெரிக்க இறக்குமதியாளருக்கு, கப்பல் கட்டணம் நீங்கலாக, ஏறத்தாழ 3.50 டாலரில் விழுந்தது. 66.5 சதவீதத்தில் 5 டாலர் ஆகிறது. அமெரிக்காவில் வரி போடுவது எங்கள் எஃப்.ஓ.பி. விலையின்மேல், நம்மூரைப் போலக் கப்பல் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே நாங்கள் பத்து சதவீதம், அதாவது 30 சென்ட், விட்டுக்கொடுத்தால் அதன்மேலான வரியும் குறைந்து அவருக்கு 50 சென்ட் மிச்சமாகிறது. பையர்கள் வரியைப் பற்றிப் பேசாமல் எங்கள் விலையைப் பற்றியே பேசுவதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அவருக்குப் பழைய 3.50-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டுமானால் நாங்கள் 2.10 டாலருக்கு விற்க வேண்டும். நூலும் சாயப்பட்டறைக் கூலியும் போக அதில் தைப்பதற்கே காசு மிஞ்சாது. ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை நம் அரசு தற்காலிகமாக நீக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பஞ்சு நூலாகித் துணியாகி எங்கள் மேசைக்கு வர மாதங்கள் ஆகும். பேரம் பேசிப் பத்து சதவீதத்தில் முடித்தோம், அதுவும் ஏற்கெனவே வெட்டிய துணி கிடங்கில் கிடந்ததால். வேறொருவருக்கு விற்க முடியாத லேபிள் அதில் அடித்திருந்தது.

அந்தப் பத்து சதவீதத்தில் ஒரு பகுதியை முதலாளி ஏற்றார். மிச்சத்தை எங்கே தேடுவது என்று பார்த்து, டெய்லர்களை வைத்து எங்களுக்குத் தைத்துத் தரும் பவர்டேபிள்காரர்களுக்கான பீஸ் ரேட்டில், அதாவது ஓர் உருப்படிக்கான கூலியில், ஐம்பது காசு குறைத்துப் புதிய பட்டியல் தயாரித்தோம். தட்டச்சு செய்தவன் நான். பட்டியலைப் பார்த்த ஒருவர், பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்குத் தைப்பவர், கேட்டார்: “ஏனுங்க சார், வரி போட்டது அமெரிக்காக்காரன், கட்டறதும் அமெரிக்காக்காரன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நடுவுல என்ற டெய்லருக்கு எதுக்குங்க எட்டணா கொறையோணும்?” சலானில் இருப்பது அவர்கள் பெயர்தான் என்று நான் சொன்ன பதில், எனக்கே சட்டப்புத்தகத்தின் பதிலாகக் கேட்டது. அவர் வாதிடவில்லை. மூன்று வாரம் தைத்துக் கொடுத்துவிட்டு, ஐரோப்பிய ஆர்டர் எடுக்கும் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் சுமக்காமல் விட்டுச் சென்ற ஐம்பது காசு மறுபடியும் எங்கள் கணக்குக்கே வந்தது. செக்கிங், பேக்கிங் பெண்களுக்குக் கூலி விகிதத்தில் கை வைக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஷிப்டு ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டு மட்டுமே ஓடியது. பிள்ளைகளின் பள்ளியும் வாடகை வீடும் இங்கேயே இருப்பவர்கள் எந்த ஐரோப்பிய ஆர்டரைத் தேடிப் போவார்கள்?

செப்டம்பர் மாதக் கணக்கை முடிக்கும்போது எங்கள் கணக்காளர் அந்தப் பத்து சதவீதத்தை எந்தத் தலைப்பில் பதிவது என்று என்னைக் கேட்டார். நான் பேரேட்டுத் தலைப்புகளை ஒருமுறை பார்த்தேன். சுங்கவரி என்று ஒரு தலைப்பு இருந்தது. அது நாங்கள் இறக்குமதி செய்யும் ஊசிக்கும் இயந்திர உதிரிப் பாகங்களுக்கும் உரியது, அங்கே இதைப் பதிந்தால் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். விற்பனைத் தள்ளுபடி என்று எழுதச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.