பூச்சி போடும் முன் கால்சியம்

பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ மாதிரி செல்லப் பல்லி வளர்ப்பவர்களே, கிரிக்கெட் பூச்சியும் மீல்வார்ம் புழுவும் வயிறு நிறையக் கொடுத்தால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இரண்டிலுமே பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், கால்சியம் மிகக் குறைவு, ஆனால் பல்லிக்குத் தேவை சுமார் 2 பங்கு கால்சியத்துக்கு 1 பங்கு பாஸ்பரஸ். பற்றாக்குறை வந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி ஆகும், கால் வளையும், விரல் நடுங்கும். அந்த நடுக்கத்தை ஒருமுறை நேரில் பார்த்தேன், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இத்தனைக்கும் சின்ன வேலைதான். பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை டப்பாவில் போட்டு, பூச்சிகளையும் விட்டு மெதுவாகக் குலுக்கினால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். உடனே கொடுத்துவிடுங்கள், நேரமானால் கிரிக்கெட் பூச்சி தன்னைத்தானே சுத்தம் செய்து பவுடரை நீக்கிவிடும். முந்தின நாளே பூச்சிகளுக்கும் நல்ல தீனி போடுங்கள், அதன் வயிற்றில் இருப்பதும் பல்லிக்குத்தானே போகிறது.

அப்புறம், வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் சரியாகச் சேராது, அந்த டி3 பல்லியின் உடம்பிலேயே உருவாகத்தான் யுவிபி என்ற புற ஊதா ஒளி தரும் விளக்கு. அதற்காக டி3 கலந்த பவுடரை அள்ளிப் போடவும் கூடாது, அளவு மீறினால் அதுவே விஷம். நடுக்கம் தெரிந்தால் பவுடரை மட்டும் நம்பி உட்காராமல் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.