எல்எம்75பி உணரிக்குச் சொந்த டிரைவர்: பூஜ்யத்துக்குக் கீழேயும் கணக்கு சரியாக வந்துவிட்டது

எல்எம்75பி வெப்ப உணரிக்காக நான் எழுதிவரும் லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), வீட்டு ஃப்ரீசருக்குள் வைத்திருந்த சில்லிலிருந்து -17375 என்ற எண்ணை நேற்றிரவு திரையில் காட்டியது. மில்லி டிகிரியில் வரும் அந்த எண்ணுக்கு -17.375 டிகிரி செல்சியஸ் என்று பொருள். அதனருகே வைத்திருந்த ஆல்கஹால் வெப்பமானியும் -17-க்கும் -18-க்கும் நடுவேதான் நின்றது. அறை வெப்பநிலையைச் சரியாகக் காட்டும் டிரைவரை எழுதுவது எளிது. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அதன் கணக்கு சரியா தவறா என்பது தெரியவரும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட மகிழ்ச்சியில், இரண்டு பைட்டுகளை ஒரு வெப்பநிலையாக மாற்றும் அந்த நான்கைந்து வரிகளைப் பற்றி மட்டும் விரிவாகப் பதிவுசெய்கிறேன். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஐ2சியை (சில்லுகள் பேசிக்கொள்ளும் இரு கம்பிப் பாதை) இயக்குவதும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஹெடர்களை நிறுவி மாட்யூலைக் கட்டுவதும் இதைப் படிப்பவர்களுக்குப் பழக்கமானவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கெர்னலிலேயே எல்எம்75 டிரைவர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். ஃப்ரோடோ லோயார்டின் பெயரையும் 1998, 1999 என்ற பதிப்புரிமை ஆண்டுகளையும் தலைப்பில் தாங்கியிருக்கும் அந்த டிரைவர், டிஎம்பி75, டிஎஸ்75, ஏடிடி75, பிசிடி2075 என்று ஒரு பெரிய குடும்பத்தையே இன்று தாங்கி நிற்கிறது. ஆனால் ராஸ்பெரி பையின் ஓவர்லே (இணைத்த சில்லைக் கெர்னலுக்கு அறிவிக்கும் அமைப்புக் கோப்பு) வழியாக அதை இயக்கினால், சில்லு வெறும் எல்எம்75 என்றே அறிவிக்கப்படுகிறது. எல்எம்75 என்றால் 9 பிட், அதாவது அரை டிகிரிப் படிகள். எல்எம்75பி 11 பிட் தருவது. அதன் படி 0.125 டிகிரி. சில்லு கொடுக்கும் கடைசி இரண்டு பிட்டுகள் யாருக்கும் பயனின்றிக் கீழே உதிர்ந்துவிடுகின்றன. அந்த ஓவர்லேயிடம் முகவரியைச் சொல்லாவிட்டால் அது இந்தச் சில்லு வகைக்குரிய ஐ2சி முகவரிகளில் கடைசியான 79-இல் (பதினாறடிமான எண்ணில் அல்ல, நம் வழக்கமான எண்ணில்) போய்த் தேடும் என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும். மூன்று முகவரிக் கால்களையும் தரையோடு இணைத்திருக்கும் மாட்யூல் இருப்பதோ 72-இல். பஸ்ஸின் (அந்த ஐ2சி பாதையின்) நியூ டிவைஸ் கோப்பில் எல்எம்75பி என்ற பெயரையும் முகவரியையும் நேரடியாக எழுதினால் கெர்னல் டிரைவரே 11 பிட்டையும் ஒழுங்காகக் கொடுத்துவிடும். எனவே வெறும் பயன்பாடு மட்டும் போதுமென்றால் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த இரண்டு பிட்டுகள் எந்த வரியில் உதிர்கின்றன, எந்த வரியில் காப்பாற்றப்படுகின்றன என்பதைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது.

சில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மாட்யூலின் பலகையில் எல்எம்75 என்று மட்டும் அச்சிட்டிருந்தது. சில்லின் முதுகிலிருந்த எழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியிலும் படிக்க முடியாத அளவுக்கு மங்கியிருந்தது. விற்றவரிடம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். எல்லாம் ஒன்றல்ல என்பதுதான் இந்தக் குடும்பத்தின் முழுச் சிக்கலும். பழைய எல்எம்75-இல் தன் பெயரைச் சொல்லும் ரெஜிஸ்டரே (சில்லுக்குள் மதிப்பை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) கிடையாது. கெர்னல் டிரைவரின் கண்டறியும் பகுதியைப் படித்தால், பயன்படாத பிட்டுகள் பூஜ்யமாக இருக்கின்றனவா, ரெஜிஸ்டர்கள் எட்டு முகவரிகளுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றனவா, 4 முதல் 7 வரையிலான இல்லாத ரெஜிஸ்டர்களைக் கேட்டால் கடைசியாகப் படித்த மதிப்பே மறுபடி வருகிறதா என்று சுற்றுவழிகளில் அடையாளம் காண்பது தெரியும். நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்75ஏ வேறு விதமாக நடந்துகொள்வதால் அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. இத்தனை பாடுபட்டு அவர்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது மரியாதை கூடுகிறது. என் சில்லின் பிட் எண்ணிக்கையை நான் எளிய வழியில் கண்டேன்: விரலால் தொட்டு மெல்லச் சூடேற்றியபடியே வெப்பநிலை ரெஜிஸ்டரைத் தொடர்ந்து படித்தால், பின்ன பைட் எட்டு வெவ்வேறு மதிப்புகளில் மட்டும் ஏறியது. எட்டு மதிப்பு என்றால் மூன்று பின்ன பிட், மொத்தம் 11.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சில்லு முதலில் முழு எண் பைட்டையும் அடுத்துப் பின்ன பைட்டையும் அனுப்புகிறது. ஐ2சி மேல் இயங்கும் எஸ்எம்பஸ் நெறியோ இரண்டு பைட் கொண்ட ஒரு சொல்லைப் படிக்கும்போது முதலில் வருவதைத் தாழ்ந்த பைட்டாக எடுத்துக்கொள்ளும். விளைவாக, 33.25 டிகிரியில் சில்லு பதினாறடிமான எண்ணில் 2140 என்று அனுப்புவதை, ரெஜிஸ்டரைப் படிக்கும் ஐ2சிகெட் கட்டளை 4021 என்று காட்டும். இதை அப்படியே வெப்பநிலையாக்கினால் 64.125 டிகிரி கிடைக்கும். ஒரு பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுக்கு 64 டிகிரி நம்பத்தகாத எண்ணும் அல்ல; அதுதான் ஆபத்து. ஆனால் சில்லு ஒரே ஒரு படி ஏறி 33.375-க்குப் போனதும் திரையில் 96.125 வரும், அதற்கும் அடுத்த படியில் -127.875 வரும். எட்டில் ஒரு டிகிரி உயர்வுக்கு 32 டிகிரி தாவுகிறது என்றால் பைட்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வேறு எந்தக் கோளாறும் இந்த 32-இன் மடங்குத் தாவலைத் தராது. மாற்றிப் படிக்கும் எஸ்எம்பஸ் செயற்கூறு கெர்னலிலேயே இருக்கிறது. கெர்னலின் ரெஜிஸ்டர் அணுகல் வசதியான ரெக்மேப்பைப் பயன்படுத்தினால் உயர்ந்த பைட் முதலில் வரும் என்று அறிவித்துவிட்டாலே போதும். 6.6 பதிப்பின் கெர்னல் டிரைவர் அப்படித்தான் செய்கிறது. பஸ்ஸில் நடப்பது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் முதல் வழியையே வைத்துக்கொண்டேன்.

பைட்டுகள் சரியான வரிசைக்கு வந்த பிறகு, அந்த 16 பிட்டை 256-ஆல் வகுத்தால் டிகிரி, அதற்கு முன்பே ஆயிரத்தால் பெருக்கிவிட்டால் மில்லி டிகிரி. காகிதத்தில் இது சரிதான். ஆனால் அசல் எல்எம்75-இன் தகவல் ஏட்டில் கடைசி ஏழு பிட்டுகளுக்கு எந்த உறுதியும் கொடுக்கப்படவில்லை. எல்எம்75பி-யில் கடைசி ஐந்து பிட்டுகளைப் புறக்கணிக்கச் சொல்கிறார்கள். நேரடியாகப் பெருக்கி வகுத்தால் அந்தக் குப்பைப் பிட்டுகளும் வெப்பநிலைக்குள் புகுந்து, இல்லாத துல்லியத்தை இருப்பதுபோலக் காட்டிவிடும். எனவே முதலில் வலப்பக்கம் தள்ள வேண்டும், பிறகுதான் பெருக்க வேண்டும். 33.25-ஐ எடுத்துக்கொண்டால், வழக்கமான எண்ணில் அது 8512. அதை ஐந்து இடம் வலப்பக்கம் தள்ளினால் 266. ஆயிரத்தால் பெருக்கி மூன்று இடம் தள்ளினால் 33250. இதே 8512-ஐ 9 பிட் சில்லுக்கு உரியபடி ஏழு இடம் தள்ளினால் 66. ஆயிரத்தால் பெருக்கி ஓர் இடம் தள்ளினால் 33000. ஓவர்லே வழியாக வந்தபோது காணாமல் போன கால் டிகிரி இந்த ஒரு வரியில்தான் விழுகிறது. சென்சார்ஸ் கட்டளை ஒரே ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்வதால், இந்தச் சோதனைகளுக்கு டிரைவர் வெப்பநிலையைத் தரும் டெம்ப்1_இன்புட் கோப்பையே நேரடியாகப் படிப்பது நல்லது.

மைனஸ் விஷயம் இதே தள்ளலில் அடங்கியிருக்கிறது. ஃப்ரீசரில் சில்லு அனுப்பிய பிட் வரிசை 11101110 10100000. குறியற்ற எண்ணாக வாசித்தால் 61088. ஐந்து இடம் தள்ளி மில்லி டிகிரியாக்கினால் 238625, அதாவது 238 டிகிரிக்கும் மேல். குறியுள்ள 16 பிட் எண்ணாக வாசித்தால் அதே வரிசை -4448. ஐந்து இடம் தள்ளினால் -139. ஆயிரத்தால் பெருக்கி மூன்று இடம் தள்ளினால் -17375. இதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தள்ளுவதற்கு முன்பே மதிப்பு குறியுள்ள 16 பிட் மாறிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படிக்கும் செயற்கூறு பிழைக் குறியீட்டையும் சேர்த்துத் திருப்பித் தருவதற்காக 32 பிட் எண்ணைத் தருகிறது. அதிலேயே நேராகத் தள்ளினால் மேலே இருக்கும் பதினாறு பூஜ்யங்கள் குறியை விழுங்கிவிடும். முதலில் பிழையா என்று பார்ப்பது, அடுத்துக் குறியுள்ள 16 பிட்டாக மாற்றுவது, அதன் பிறகு தள்ளுவது என்ற இந்த வரிசை மாறவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பல, பூஜ்யத்துக்குக் கீழா என்று பார்த்து 2048-ஐக் கழிக்கும் கூடுதல் நிபந்தனையோடு வருகின்றன. அதுவும் சரியான விடையைத் தரும் என்றாலும், குறியுள்ள தள்ளல் அதே வேலையை நிபந்தனையே இல்லாமல் செய்துவிடுவதால் அந்த வரிகள் தேவையற்றவை என்பது என் உறுதியான கருத்து.

தசமப் புள்ளியை எங்கும் பயன்படுத்தாமல் ஏன் இப்படி முழு எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால், கெர்னலுக்குள் மிதவைப் புள்ளிக் கணக்கு வழக்கமில்லை. நிரல்களுக்குச் சொந்தமான மிதவை ரெஜிஸ்டர்களைக் கெர்னல் தன்னிச்சையாகத் தொட முடியாது. அதனால்தான் கெர்னலின் வன்பொருள் கண்காணிப்புப் பகுதியான ஹெச்டபிள்யூமான் அமைப்பில் வெப்பநிலை மில்லி டிகிரியாகவும், மின்னழுத்தம் மில்லிவோல்ட்டாகவும், விசிறி வேகம் நிமிடச் சுற்றுகளாகவும் முழு எண்களிலேயே வருகின்றன. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயக்குதளத்தில் வேறு முடிவை எடுத்திருக்கிறார்கள்: அங்கே வெப்பநிலை உணரிகள் மைக்ரோ கெல்வினில் பேசுகின்றன. என் ஃப்ரீசர் அங்கே 255775000 என்று இருக்கும். கெர்னலிலிருந்து வெளியே வரும் மதிப்பில் மைனஸுக்கே இடமில்லை. அழகான ஏற்பாடு. ஆனாலும் சில்லின் ரெஜிஸ்டரில் குறி இருக்கிறது என்பதால் அங்குள்ள எல்எம்டெம்ப் டிரைவரும் இதே குறி மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். கைவசம் ஒரு பழைய பலகை இருப்பதால் அதில் ஓபன்பிஎஸ்டியை நிறுவி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் உண்டு.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கெர்னலின் 6.3 பதிப்பு முதல் ஐ2சி டிரைவரின் புரோப் செயற்கூறு (சில்லு கிடைத்ததும் கெர்னல் அழைப்பது) ஒரே ஒரு அளபுருவைத்தான் பெறுகிறது. இரண்டு அளபுருக்களோடு இருக்கும் நிரல் 6.6-இல் கட்டப்படவே மாட்டாது. அதேபோல, ஹெச்டபிள்யூமான் கோப்புறைகளின் எண் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் மாறக்கூடும் என்பதால், பதிவெடுக்கும் ஸ்கிரிப்டுகளில் எண்ணை எழுதிவைக்காமல் உள்ளே இருக்கும் நேம் கோப்பைப் படித்து உணரியைத் தேட வேண்டும்.

ஃப்ரீசருக்குக் கம்பி கொண்டுபோனதில் பெரிய சிக்கல் இல்லை. கதவு ரப்பருக்கு இடையே நுழையும் மெல்லிய தட்டைக் கேபிள், அதற்கேற்பக் குறைத்த பஸ் வேகம், சில்லுப் பலகைமேல் சூட்டால் சுருக்கிய குழாய். ஐ2சி விதிப்படி பஸ்ஸின் மொத்தக் கொள்ளளவு 400 பிக்கோஃபாரடைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள் இருக்கவே கேபிளைக் குட்டையாக வெட்டினேன். உறைபனித் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது உணரி 500 என்று, அதாவது அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. தகவல் ஏடு -25 முதல் 100 டிகிரி வரை 2 டிகிரி வரையிலான பிழையை அனுமதிப்பதால் இது மிக நல்ல சில்லு என்றே சொல்வேன். படி 0.125 என்பதும் பிழை 2 டிகிரி வரை போகலாம் என்பதும் தனித்தனி விஷயங்கள். இவற்றைக் குழப்பிக்கொள்ளும் விளம்பரங்களைக் கடைப் பட்டியல்களில் பார்க்கும்போது கோபம் வருகிறது.

இப்போது கையில் இருப்பது, எச்சரிக்கை வரம்பை எழுதும் பகுதி. டெம்ப்1_மேக்ஸ் கோப்பைப் படிக்க முடிகிறது. மின்சாரம் கொடுத்ததும் சில்லு தானாக வைத்துக்கொள்ளும் 80000 சரியாக வருகிறது, எச்சரிக்கை நீங்கும் ஹிஸ்டெரிசிஸ் வரம்பு 75000. எழுதுவதில்தான் கவனம் தேவைப்படுகிறது. யாராவது பத்து இலக்க எண்ணை எழுதினாலும் பெருக்கலில் வழிந்து வேறு எண்ணாகிவிடாமல் இருக்க, முதலில் -55000-க்கும் 125000-க்கும் இடையே கட்டுப்படுத்திவிட்டு அதன் பிறகே பெருக்க வேண்டும். மேலும் எல்எம்75பி வெப்பநிலையை 11 பிட்டில் தந்தாலும் வரம்புகளை 9 பிட்டில்தான் வைத்துக்கொள்கிறது. 30250 என்று எழுதினால் 30500 என்றுதான் திரும்பப் படிக்க முடியும். எனவே படிப்பதற்கு ஒரு பிட் எண்ணிக்கை, வரம்புக்கு இன்னொன்று என்று இரண்டு மதிப்புகளைச் சில்லு விவரத்தில் பிரித்து வைத்திருக்கிறேன். அது முடிந்ததும் சில்லின் எச்சரிக்கைக் காலான ஓஎஸ் காலை ராஸ்பெரி பையின் ஒரு ஜிபிஐஓ காலோடு இணைத்து, ஃப்ரீசர் கதவு திறந்தே கிடந்தால் குறுக்கீடு வரும்படி செய்ய வேண்டும். கதவைச் சற்றுத் திறந்து மூடுவதற்கெல்லாம் மணி அடிக்காமல் இருக்க, தொடர்ந்து ஆறு அளவீடுகள் வரம்பைத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன். சில்லு 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை அளப்பதால் அந்த ஆறும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். அது போதாது என்றால் மீதிக் காத்திருப்பை டிரைவருக்கு வெளியே, பதிவெடுக்கும் நிரலில் வைத்துக்கொள்வேன். ஓஎஸ் கால் திறந்த வடிகால் வகை (தாழ இழுக்க மட்டுமே தெரிந்தது) என்பதால் மேலிழுக்கும் மின்தடை ஒன்று வேண்டும். 10 கிலோ ஓம் ஒன்றை இன்றே பலகையில் பற்றவைத்துவிட்டேன்.