வன்னி வெக்கையில் பின்னும் குளிர்க் கழுத்துறை

தலையால் போட்டுக் கழுத்தை மூடுகிற, குழாய் மாதிரியான கழுத்துறையைக் குரோஷே கொக்கி ஊசியால் பின்னுகிறவருக்கு வன்னியில் உள்ள பெரிய குறை, போட்டுப் பார்க்க முடியாது என்பதுதான். பங்குனி வெயிலில் கிளிநொச்சியில் இருந்து பின்னி, கார்த்திகையில் கனடா போகிற யாரிடமோ கொடுத்துவிடுகிற சாமான் இது. பின்னி முடித்துக் கழுத்தில் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் வேர்க்கும். 'அப்பாடா, நல்ல சூடு' என்று மடித்து வைத்துவிடுவோம். 30 பாகையில் எந்தத் துணியைச் சுற்றினாலும் வேர்க்கத்தான் செய்யும். ரொறன்ரோவில் ஜனவரி இரவு மைனஸ் 10 பாகைக்கு இறங்கும்போது, கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும், காற்று உள்ளே போய்விடும். ஆகவே இங்கே இருந்து பின்னும்போது உடம்பை நம்பக்கூடாது, அளவுநாடாவைத்தான் நம்பவேண்டும்.

இங்கேயும் குளிர் வராமல் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாடுகள் கூட்டமாகச் செத்தது எல்லோருக்கும் தெரியும். மார்கழி விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் ஆனையிறவு வெளியைக் கடக்கிறவருக்கும், கொழும்புக்கு இரவு ஏசி பஸ்ஸில் போகிறவருக்கும் கழுத்துறை உதவும். ஆனால் அவர்களுக்கு இந்தத் தடிப்பு வேண்டாம். மெல்லிய பருத்தி நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் எடுத்து, இடைவெளி விட்ட பின்னலாகப் போட்டால் காணும். கீழே சொல்வது வெளிநாட்டுக் குளிருக்கான, குஞ்சம் வைத்த கழுத்துறை.

முதலில் நூல். நம்முடைய கடைகளில் 'வூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்கிறிலிக். லேபல் இல்லாத கட்டு என்றால் ஒரு சின்னத் துண்டை வெட்டி, குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். உருகிக் கறுப்பாகக் கட்டிபட்டால் அக்கிறிலிக். தலைமயிர் கருகிய மணம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் ஆட்டுமயிர்க் கம்பளி. கடதாசி எரிந்த மணம் என்றால் பருத்தி. அக்கிறிலிக் மோசம் என்று இல்லை. மெசினில் தோய்க்கலாம், பூச்சி தின்னாது, விலையும் குறைவு. ஆனால் மைனஸ் குளிரில் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடக்கும்போது மூச்சின் ஈரம் துணியில் ஏறும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே எடுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. அக்கிறிலிக் 2 சதவீதம்கூட எடுக்காது, ஈரம் மேலேயே நின்று சில்லிடும். நடந்து வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பின்னுவதென்றால், அங்கிருந்து லீவுக்கு வருகிறவர்களிடம் மெரினோ என்கிற மெல்லிய ஆட்டுக் கம்பளி கலந்த நூல் இரண்டு கொண்டுவரச் சொல்வது நல்லது. சொக்லேட் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

தடிப்பு நடுத்தரமாக இருக்கவேண்டும். லேபலில் 4 என்று போட்டிருப்பது, 100 கிராமுக்கு 170 முதல் 200 மீற்றர் வருவது. அது கிடைக்காமல் மெல்லிய நூல்தான் இருக்கிறதென்றால் இரண்டு இழை சேர்த்துப் பின்னலாம். அப்போது ஊசியை மாதிரித் துண்டு பின்னிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இரண்டு உருண்டை வாங்கினால் இரண்டிலும் லொட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டுகிற எண், ஒன்றா என்று பாருங்கள். லேபல் இல்லையென்றால் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ரியூப் லைட்டுக்குக் கீழே ஒரே மெரூனாகத் தெரிகிற இரண்டு, வெயிலில் அக்காவும் தங்கச்சியுமாக நிற்கும்.

ஊசி 6 மில்லிமீற்றர், கூடவே ஒரு 6.5. தொடக்கத்தில் போடுகிற சங்கிலிப் பின்னலுக்கு மட்டும் பெரிய ஊசி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பின்னல் எது என்பதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம்மூரில் பழைய புத்தகம் பார்த்துப் பழகியவர்கள் பிரிட்டிஷ் பெயர் சொல்வார்கள். யூரியூப்பில் பழகியவர்கள் அமெரிக்கப் பெயர் சொல்வார்கள். பிரிட்டிஷ் 'டபிள்' என்பதுதான் அமெரிக்க 'சிங்கிள்'. பிரிட்டிஷ் 'ட்றெபிள்' அமெரிக்காவில் 'டபிள்'. ஒரே சொல், வேறு உயரம். மூன்று சுற்றுப் போன பிறகு 'ஏன் என்னுடையது குட்டையாக வருகிறது' என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம். நமக்குத் தேவையானது பிரிட்டிஷ் 'ஹாஃப் ட்றெபிள்', அதாவது அமெரிக்க 'ஹாஃப் டபிள்'. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் நிற்கும். திரும்பவும் நூலைப் பிடித்து மூன்றுக்கும் ஊடாக ஒரேயடியாக இழுக்கவேண்டும். அமெரிக்க சிங்கிள் விறைப்பாக வரும், கழுத்தில் பலகை கட்டின மாதிரி. பிரிட்டிஷ் ட்றெபிளில் ஓட்டை விழும், காற்றுப் போகும். நடுவில் உள்ள இதுதான் மெத்தென்று வளைந்தும் கொடுக்கும், காற்றையும் மறிக்கும்.

இனி மாதிரித் துண்டு. 20 கண்ணி அகலம், 15 வரி உயரம் பின்னித் தோய்த்துக் காயவிட்டு, நடுவில் 10 சென்ரிமீற்றரை அளவுங்கள். 13 கண்ணியும் 10 வரியும் வரவேண்டும். மாதிரித் துண்டு பின்னாமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், 'சின்ன வித்தியாசம்தானே' என்று. 13க்கு 78 கண்ணி போட்டால் சுற்றளவு 60 சென்ரிமீற்றர். வளர்ந்தவரின் தலை 55 முதல் 58 வரை இருக்கும். தலையால் இறங்கிக் கழுத்தில் ஒட்டி நிற்க 60 சரியான அளவு. உங்கள் கை இறுகி 14 வந்தால் அதே 78 கண்ணி 56 சென்ரிமீற்றருக்குக் கீழே போகும், காதில் மாட்டும். தளர்ந்து 12 வந்தால் 65 ஆகும், தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு கண்ணிதான் வித்தியாசம்! கூட வந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைய வந்தால் சிறிதாக்குங்கள்.

இன்னொன்று, நம்முடைய வெக்கையில் கை வேர்க்கும். வேர்த்த கையில் நூல் வழுக்காமல் இழுபட, பின்னல் தெரியாமலே இறுகும். காலையில் பின்னிய பத்துச் சுற்று 60, மத்தியானம் பின்னிய பத்துச் சுற்று 57 என்று வந்து, துணி இடுப்புக் கட்டின மாதிரி நிற்பது இதனால்தான். மாதிரித் துண்டை எந்த நேரம் பின்னினீர்களோ அந்த நேரத்திலேயே மிச்சத்தையும் பின்னுவது நல்லது. விடியப்புறமோ விளக்கு வைத்த பிறகோ வசதி.

குஞ்சத்துக்கான நூலை எல்லாவற்றுக்கும் முதல் வெட்டி எடுத்து வையுங்கள். கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால் கடைசியில் நூல் இருக்காது. பிறகு வாங்குவது வேறு லொட்டாக இருக்கும். 15 சென்ரிமீற்றர் அகலமான காட்போட் மட்டையில் நூலைச் சுற்றி, ஒரு விளிம்பில் மட்டும் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 30 சென்ரிமீற்றர் வரும். 78 துண்டு வேண்டும். ஒரேயடியாக 78 சுற்றாதீர்கள்; மேலே போகிற சுற்றுகள் நீண்டுவிடும். இருபது இருபதாகச் சுற்றி வெட்டுங்கள். இழுத்துச் சுற்றினாலும் பிழை; அக்கிறிலிக் வெட்டியவுடன் சுருங்கி 28க்கு வந்து நிற்கும். இதற்குப் போவது 24 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. கழுத்துறையின் உடம்புக்கு எவ்வளவு நூல் போகும் என்று அறிய, மாதிரித் துண்டில் 10 கண்ணியை அவிழ்த்து நூலை அளவுங்கள். 65 சென்ரிமீற்றர் வந்தால், 78 கண்ணி 24 சுற்றுக்கு 1872 கண்ணி, ஏறக்குறைய 122 மீற்றர். இரண்டையும் கூட்டினால் 100 கிராம் உருண்டை ஒன்று போதும்.

இப்போது 6.5 ஊசியால் 78 சங்கிலி. சங்கிலி எப்போதும் அதன் மேல் வரும் பின்னலைவிடக் குறைவாகவே நீளும். அதே 6 ஊசியால் போட்டால் மேல் விளிம்பு சுருக்குக் கயிறு மாதிரி நின்று தலையால் இறங்காது. இணைப்பதற்கு முன் சங்கிலியை மேசையில் நேராக விரித்து, முறுக்கு இல்லையா என்று ஒருமுறை பார்த்து, சிலிப் ஸ்டிச்சால், அதாவது முதல் சங்கிலிக்குள் ஊசியை விட்டு, பிடித்த நூலை ஊசியில் உள்ள வளையத்துக்கும் ஊடாக ஒரேயடியாக இழுத்து, சேருங்கள். முறுக்கோடு சேர்ந்துவிட்டால் முதல் சுற்று முடிந்த பிறகும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். மூன்றாவது சுற்றில் கண்டால் அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சேர்த்த பிறகு 6 ஊசிக்கு மாறுங்கள்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 2 சங்கிலி. அதைக் கண்ணியாக எண்ணவேண்டாம். முதல் ஹாஃப் ட்றெபிளை அந்தச் சங்கிலி எழும்புகிற அதே கண்ணியில் போடவேண்டும். சுற்றின் முடிவில் முதல் ஹாஃப் ட்றெபிளின் தலையில் சிலிப் ஸ்டிச், பிறகு துணியைத் திருப்பி அடுத்த சுற்று. திருப்பாமல் ஒரே பக்கமாகப் போனால் இணைப்புக்கோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒருபக்கம் நகர்ந்து, முடியும்போது குறுக்குக் கோடாகத் தெரியும். திருப்பிப் பின்னினால் அது நேராக நிற்கும், கழுத்தின் பின்பக்கம் விட்டுவிடலாம்.

அதிகம் பிழைக்கிற இடம் இந்த இணைப்புத்தான். சிலிப் ஸ்டிச்சைக் கண்ணி என்று நினைத்து அதற்குள்ளும் ஒன்று போட்டால் 79, 80, 81 என்று ஏறி, அடி விளிம்பு பாவாடை மாதிரி விரியும். முதல் கண்ணியைத் தவறவிட்டால் 77, 76 என்று ஒடுங்கும். முதல் ஹாஃப் ட்றெபிளின் தலையில் ஒரு சேப்டி பின் குத்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எப்படியும் மூன்று சுற்றுக்கு ஒருக்கால் எண்ணுங்கள். 24 சுற்றில் உயரம் 24 சென்ரிமீற்றர் வரும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 70 கண்ணி, 18 சுற்று; பிள்ளைக்குக் குஞ்சம் வைக்கவேண்டாம், ஊஞ்சலிலும் சறுக்கியிலும் மாட்டும்.

குஞ்சம் கட்டுவது கடைசிச் சுற்றில். ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில், இரண்டிரண்டு துண்டாக, மொத்தம் 39 குஞ்சம். ஊசியை முன்பக்கமிருந்து பின்னுக்கு விட்டு, இரண்டாக மடித்த துண்டுகளின் மடிப்பைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, அந்த வளையத்துக்குள் நுனிகளை விட்டு இறுக்குங்கள். முடிச்சின் குறுக்குப் பட்டை ஒரு பக்கத்தில் தெரியும். ஊசியைப் பின்னாலிருந்து விட்டால் பட்டை மறுபக்கம் போகும். இரண்டும் சரிதான், ஆனால் 39ம் ஒரே பக்கமாக இருக்கவேண்டும். எல்லாக் கண்ணியிலும் மூன்று துண்டு வைத்துச் சடைத்தால் அழகு என்று சிலருக்கு ஆசை. அதற்கு 70 மீற்றர் போகும், உடம்புக்குப் போன நூலில் பாதிக்கு மேல்! பாரத்தில் அடி விளிம்பும் அலைபட்டு நீளும். மெல்லியதாக இருந்தால் ஜக்கெற் சிப்பிலும் குறைவாகச் சிக்கும்.

முடிச்சுக்குப் போக 13 சென்ரிமீற்றர் தொங்கும். தண்ணீர் தெளித்து விரலால் நீவிக் காயவிட்டு, பிறகு 12க்குக் கத்தரியுங்கள். நைலோன் கயிற்று நுனியைப் பொசுக்குகிற பழக்கத்தில் இதையும் நெருப்புப் பெட்டியோடு அணுகவேண்டாம். உருகின நுனி சரளைக் கல்லாகக் கழுத்தைச் சுரண்டும். இழை பிரிகிற நூல் என்றால் ஒவ்வொரு நுனியிலும் சின்ன முடிச்சுப் போடுங்கள்.

அக்கிறிலிக்கில் அயன் பெட்டியை வைக்கவே கூடாது. ஒருமுறை சூடு பட்டால் துவண்டு பளபளத்துவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. கம்பளிக்குக் கொதிநீர் ஆகாது, சுருங்கிக் கட்டிபடும். இரண்டையும் பச்சைத் தண்ணீரில் நனைத்து, துவாயில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் உயரம் கூடி அகலம் குறையும்.

மாரி காலத்தில் பாசல் கட்டுவதென்றால் இரண்டு நாள் நன்றாக உலர்ந்த பிறகே பொலித்தீனில் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை போட்டு அனுப்பவேண்டாம். முகத்துக்குக் கிட்டப் போடுகிற சாமானில் அந்த மணம் மாதக்கணக்கில் நிற்கும். உள்ளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள்: அக்கிறிலிக் என்றால் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி மெசினில் தோய்க்கவும், கம்பளி என்றால் பச்சைத் தண்ணீரில் கையால்; இரண்டையும் டிரையரில் போடவேண்டாம். எழுதாவிட்டால் 39 குஞ்சமும் ஒரே குஞ்சமாகச் சிக்குப்பட்ட படம் வாட்ஸப்பில் வரும்.