பயன்பெற்றோர் எண்ணிக்கை

கலைத்துறையில் வேலை செய்கிறேன் என்று, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் யாரிடம் சொன்னாலும், பாட்டா நடனமா என்பதே அடுத்த கேள்வியாக வருகிறது. இரண்டும் இல்லை. பாலக்காட்டில் இயங்கும் ஒரு சிறிய கலை ஆவண அமைப்பில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, கலைஞர்களின் சன்மானத்தை அவர்களுடைய வங்கிக் கணக்கில் சேர்ப்பது, ஒலிப்பதிவுகளுக்குப் பெயரிட்டு அடுக்குவது, ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் கையொப்பம் வாங்கி, நிதி உரியபடி செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவது ஆகியவையே என் அன்றாடம். "அக்கா, இதுல உனக்கு என்னதான் கிடைக்குது?" என்று படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் என் சித்தி மகள் அண்மையில் கேட்டாள். தொலைபேசியில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி தோல்பாவைக்கூத்தைச் சார்ந்தது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள பத்ரகாளி கோயில்களில், ஏறத்தாழ ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில், இரவு முழுவதும் நடக்கும் நிழற்கூத்து அது. கோயிலுக்கு எதிரே இதற்கென்றே நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடம் இருக்கும். சுமார் 42 அடி நீளத்துக்கு, மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் திரை கட்டுவார்கள். திரைக்குப் பின்னால் பாதித் தேங்காய்மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 விளக்குகள் வரிசையாக எரியும். கதை இராமாயணம். பாடப்படுபவை பெரும்பாலும் கம்பனின் செய்யுள்கள். சில கோயில்களில் 7 இரவு, சிலவற்றில் 14 அல்லது 21 இரவு, இன்னும் சிலவற்றில் அதற்கும் மேலாகக் கூத்து நீளும். எத்தனை இரவு நடந்தாலும் இராமனின் முடிசூட்டு விழாவில்தான் அது நிறைவுபெற வேண்டும்.

பத்ரகாளி கோயிலில் இராமாயணம் எதற்கு என்பதற்கு ஒரு கதை உண்டு. இராமனும் இராவணனும் போரிட்ட நாட்களில் காளி தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அவளால் அந்தப் போரைப் பார்க்க முடியவில்லை. அவள் பார்ப்பதற்காகவே சிவன் பாவைகளைக் கொண்டு அதை நடத்திக்காட்டப் பணித்தார் என்பார்கள். ஆகவே இந்தக் கூத்துக்கு அவளே பார்வையாளர். முதல் நாழிகைகளில் திரையின் முன் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், நள்ளிரவு தாண்டினால் பல ஊர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதற்காகக் கூத்து ஒரு வரிகூடக் குறைவதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, மறுத்து, விளக்கி, விடியும்வரை பேசிக்கொண்டே போகிறார்கள்.

இத்தகைய ஒன்றை அறிக்கையில் எழுதும்போதுதான் என் வேலையின் சிக்கல் தெரியவரும். நிதி தருகிற இடங்களின் படிவங்களில் 'பயன்பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கும். ஒரு நிறுவனம் நாங்கள் அனுப்பிய அறிக்கையை, அந்தக் கட்டத்தில் சரியான எண்ணை இட்டு மீண்டும் அனுப்புமாறு திருப்பியது. அதிகாலை இரண்டு மணிக்குக் கூத்துமாடத்தின் முன் நின்றவர்கள் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நானும் ஒரு நாயும்தான் என்று உண்மையை எழுதியிருந்தால் அடுத்த தவணை வந்திருக்காது. நாடக வந்தனத்துக்குக் காணிக்கை செலுத்தியவர்களின் பட்டியலைக் கோயிலில் கேட்டு வாங்கி, அந்த எண்ணையே எழுதி அனுப்பினேன். கூத்தின் நடுவே இந்தக் காணிக்கையாளர்களைப் பெயர் சொல்லி, குடும்பத்துக்கு நலம் வேண்டி வாழ்த்துவது வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்றாலும், வாழ்த்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை, பாடுகிறவர்களுக்கும் ஐயமில்லை. படிவத்தில் உள்ள சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கலையின் மதிப்பை ஆள் கணக்கால் அளக்கலாகாது என்று சொல்வது எளிது. ஆனால் பொதுப்பணம் செலவாகும்போது கணக்குக் கேட்பவர்களைக் குறைசொல்லவும் முடியாது. எனக்கு நிறைவு தருவது வேறொரு கணக்கு, அதற்கு நான் பிறந்த ஊரே காரணம்.

பாவைக்கூத்தை நடத்தும் புலவர்களில் பலருக்கு வீட்டுமொழி மலையாளம். பரம்பரையாகக் கேட்டும் ஏட்டைப் பார்த்தும் தமிழ்ச் செய்யுள்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். செய்யுளைத் தமிழில் பாடி, உரையைத் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் சொல்கிறார்கள். சுற்றியுள்ள மலையாளிகளுக்குச் செய்யுள் புரிவதில்லை. வாளையாறுக்கு அந்தப்பக்கம் கம்பனைக் கரைத்துக் குடித்தவர்களுக்கோ, இங்கே ஒவ்வோர் ஆண்டும் கோயில் கோயிலாகக் கம்பன் இரவெல்லாம் பாடப்படுவது தெரிவதில்லை. நடுவில் இருப்பவர்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழர்களாகிய நாங்கள். பள்ளியில் இரு மொழியும் படித்தோம். எங்கள் சித்தூர் பகவதி கோயிலில் கொங்குப் படையைத் தோற்கடித்ததன் நினைவாக ஆண்டுதோறும் கொங்கன்படை விழா நடக்கிறது. கொங்குநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் வெடிச்சத்தத்தை ரசித்தபடி கூட்டத்தில் நிற்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு இரு தரப்புக்கும் இடையே உட்கார்ந்திருப்பது ஒன்றும் புதிதல்ல.

என் வேலையில் நான் மிகவும் விரும்பும் பகுதி எழுத்தாக்கம். ஓர் இரவின் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, பாடப்படும் செய்யுளை அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே போவேன். சில செய்யுள்கள் பதிப்பில் உள்ளபடியே இருக்கும். சிலவற்றில் ஒரு சீர் மாறி ஓசை மட்டும் கெடாமல் நிற்கும். சில பதிப்பிலேயே இருக்காது. புலவர்கள் தங்கள் மூலத்தை ஆடற்பற்று என்கிறார்கள்; கம்பன் பாடல்களோடு பிற பாடல்களும் உரையும் சேர்ந்தது அது. ஒரு செய்யுளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியவர் இலக்கணத்துக்குத் தாவி, அங்கிருந்து புராணக் கிளைக்கதை ஒன்றுக்குப் போய், சோதிடத்தைத் தொட்டுவிட்டு, அரைமணி நேரம் கழித்து அதே செய்யுளின் ஈற்றடிக்குத் துல்லியமாக வந்து சேர்வதைக் கேட்கும்போது, இந்த உரைமரபை ஏன் ஒரு தமிழ்த்துறையும் பாடமாக வைக்கவில்லை என்று எரிச்சலாக வரும். போர்க்காட்சிகளின் பதிவில் திடீரென்று 'புஸ்' என்று ஓர் ஓசை எழும். விளக்குச் சுடரில் குங்கிலியப் பொடியை வீசித் தீப்பிழம்பு காட்டும்போது எழுவது அது. அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவேன்.

இந்தத் துறையில் புதிதாக வருபவர்களிடம் இரண்டு வாசகங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. 'அழியும் கலையைக் காப்பாற்றுகிறோம்' என்பது ஒன்று. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கலைஞர்கள் அல்லர். கூத்தைக் காப்பவர்கள் அதை ஆடுபவர்களும், ஓர் இரவின் செலவை ஏற்கும் குடும்பங்களும்தான். கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்துமாடத்தைவிட்டு வெளியே, பொது மேடைக்கு அதைக் கொண்டுவந்தார்; அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முன்பு பெண்கள் கூத்துமாடத்துக்குள் ஆடும் வழக்கமில்லை. இப்போது பெண்கள் மட்டுமே கொண்ட குழு பொது மேடைகளில் பாவை ஆட்டுகிறது. பள்ளிகளிலும் விழாக்களிலும் நடக்கும் ஒருமணி நேர நிகழ்ச்சிகளைத் தூய்மைவாதிகள் பழிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் இரவு முழுவதும் காளிக்காகப் பாடுகிற மனிதர் மழைக்காலத்தில் அரிசி வாங்குவது அந்த ஒருமணி நேரத்தின் பணத்தில்தான். நாங்கள் செய்வது சில வேலைகளை எளிதாக்குவது மட்டுமே. ஜூன் மாதத்தில் ஈரம் ஏறித் தோலில் பூஞ்சை படியும். பாவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் காற்றாட வைத்து, எதன் கை இணைப்பு அறுந்திருக்கிறது, எதன் பிடிகோல் விரிந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதவேண்டும். முன்னோர் மான்தோலில் செய்த பழைய பாவைகளின் துளை வேலைப்பாட்டைப் படமெடுத்து வைத்தால், ஆட்டுத்தோலில் புதிதாகச் செய்பவருக்கு அளவு கிடைக்கும்.

'ஆர்வம் இருந்தால் போதும்' என்பது இரண்டாவது வாசகம். முதலாவதைவிட இது ஆபத்தானது. ஆர்வத்தைக் காரணம் காட்டியே சம்பளத்தைத் தள்ளிப்போடுகிற இடங்கள் இந்தத் துறையில் உண்டு. முன்பு நான் இருந்த ஓரிடத்தில் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்பதையே நன்றிகெட்ட செயலாகப் பார்த்தார்கள். வேலையில் பொருள் இருக்கிறது என்பது வேறு, பொருள் வருகிறது என்பது வேறு. முன்னது இருந்தால் பின்னது வேண்டாம் என்று சொல்பவர்கள் வழக்கமாக நல்ல ஓய்வூதியம் வாங்குபவர்களாக இருக்கிறார்கள்.

சித்தி மகள் தமிழ் இலக்கியம் படித்தவள். பக்கத்துவீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதில் மலையாளமும் தங்குதடையில்லாமல் வரும். யுத்த காண்டப் பதிவுகளில் உரைப்பகுதி பெரும்பாலும் இன்னும் எழுத்தாக்கப்படாமல் கிடக்கிறது. அதற்கு இரு மொழியும் காதில் ஏறிய ஒருவர் வேண்டும் என்று எங்கள் அமைப்பில் சொல்லிவிட்டு அவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். என் தங்கை என்பதால் தேர்வுக் குழுவில் நான் உட்காரமாட்டேன். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், எழுத்தாக்கத்தில் அவள் பெயர் இடம்பெறுமா என்ற மூன்றையும் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினாள். அக்கா கேட்கச் சொன்னாள் என்றே சொல்லிக்கொள் என்றேன்.