ஆறாம் நாளும் ஏழாம் நாளும்

கேரளத்தில் தொடக்கப் பள்ளி நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். எல்.பி. ஸ்கூல் என்போம். அஞ்சாம் வகுப்புக்கு யு.பி. ஸ்கூலைத் தேடிப் போக வேண்டும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே முதல் செண்டாஃப் வந்துவிடுகிறது. பலூன் கட்டி, பாயசம் வைத்து, ஆளுக்கொரு பேனா கொடுத்து அனுப்புவோம். வருஷா வருஷம் அதை நடத்திக்கொடுத்த டீச்சர் நான். 2018 மார்ச்சில் நடந்தது மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது எங்கள் அரசுப் பள்ளி. பாலக்காடு என்றாலே தென்னையும் நெல்வயலும் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் வந்தால் கரிசல் மண்ணும் பனைமரமும் கடலைக் காடும்தான். ஜூனில் கணவாய்க் காற்று பனை ஓலையைப் பிடித்து ஆட்டுகிற சத்தத்தில் வகுப்பில் பாடம் கேட்காது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நடத்துவேன். சித்தூர்த் தாலுகா பழைய கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1-ல் கேரளத்தோடு வந்தது. வீட்டில் பேசுவது அன்றும் தமிழ், இன்றும் தமிழ். அதனால் எங்கள் பள்ளியில் தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே கூரைக்குக் கீழே. பிள்ளைகள் லீவை "அவதி" என்பார்கள், வாத்தியாரை "மாஷ்" என்பார்கள், அழும்போது மட்டும் சுத்தமான கொங்குத் தமிழில் அழுவார்கள். பொங்கலுக்கு எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, ஓணத்துக்குப் பத்து நாள். இரண்டுக்கும் புதுச் சட்டை கேட்கிற பிள்ளைகள் அவர்கள்.

அந்த செட்டுக்கு ஒண்ணாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் நான் கிளாஸ் டீச்சர். நடுவில் சில பேர் பொள்ளாச்சிப் பக்கம் பள்ளி மாறிப் போய்விட்டார்கள். நாலில் மிஞ்சியது 26 பேர். செண்டாஃப் அன்று பாயசம் ஆறுவதற்குள் ஏதாவது செய்யலாம் என்று, "இந்த நாலு வருஷத்துல மறக்கவே மாட்டேன்னு நினைக்கிற ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன். எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. எல்.எஸ்.எஸ். என்கிற நாலாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்காக எத்தனையோ சனிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கித் தந்திருந்தேன். யாராவது அதைச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் சொல்லவில்லை.

சமையல்கூடத்துக்குப் பின்னால் மயில் குஞ்சு பொரித்ததை மூன்று பேர் சொன்னார்கள். முட்டை போடுகிற நாளில் உரித்த முட்டை கை நழுவி மண்ணில் விழ, பக்கத்தில் இருந்தவள் தன் முட்டையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்ததை ஒருத்தி சொன்னாள். கொடுத்தவளுக்கே அது நினைவில்லை. "நா மூணாப்புல வாந்தி எடுத்தப்ப எல்லாரும் ஓடிப் போயிட்டாங்க டீச்சர், இவன் மட்டுந்தான் மண்ணு அள்ளிட்டு வந்து மூடினான்" என்று ஒருவன் பக்கத்திலிருந்தவன் தோளைத் தொட்டுக் காட்டினான். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்புறம் ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாதவன்.

"ஒண்ணாப்புல டீச்சர் என்னைய வெளிய நிக்கச் சொன்னீங்க. அப்பறம் மறந்துட்டீங்க. பெல் அடிக்கிற வரைக்கும் நின்னேன். செவுத்துல எறும்பு வரிசையா போச்சு. ஒரு எறும்பு செத்த எறும்பைத் தூக்கிட்டுப் போச்சு. அதையே பாத்துட்டு நின்னேன்."

குறையாகச் சொல்லவில்லை. மயிலைச் சொன்ன பிள்ளைகளைப் போலவே, பார்த்த ஒன்றைச் சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எனக்கு அந்த நாள் நினைவுக்கே வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. எதற்காக வெளியே அனுப்பினேன்? பென்சில் குத்தினானா, பேசினானா? ஒரு ஆறு வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே நான் நல்லபடியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முன்னாலேயே அவனிடம், "மன்னிச்சுக்கப்பா, அது டீச்சர் தப்பு" என்றேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவால்லீங்க டீச்சர், எறும்பு நல்லா இருந்துச்சு" என்றான். அதற்குப் பிறகு இந்த வேலையில் இருந்தவரை எந்தப் பிள்ளையையும் நான் வகுப்புக்கு வெளியே அனுப்பவில்லை.

கடைசி பெஞ்சில் இருந்த பெண் கடைசியாக எழுந்தாள். "டீச்சர் எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தாங்க. தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. நான் சேலையைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். என்னையக் காணோம்னு டீச்சருக்கு அழுகை வந்துருச்சு."

எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். நான் பாயசம் ஊற்றப் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆறாம் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்ததிலிருந்து ஆறாவது வேலைநாளில் பிள்ளைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருஷம் ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன், அதாவது எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். ஸ்டாஃப் ஃபிக்ஸேஷன் என்று பெயர். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. 31 இருந்தால் இரண்டு டிவிஷன் நிற்கும். 30 ஆனால் ஒன்று போய்விடும். அதை "டிவிஷன் ஃபால்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே ஜூன் முதல் வாரத்தில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். டிவிஷன் போனால் ஒரு போஸ்ட் போகும். போஸ்ட் போனால் சர்வீஸில் இளையவர் வேறு பள்ளிக்கு மாற வேண்டும்.

2014 ஜூனில் எங்கள் தமிழ் மீடியம் ஒண்ணாம் வகுப்பில் பெயர் கொடுத்திருந்தவர்கள் சரியாக 31 பேர். பள்ளியில் இளையவள் நான். எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாறுதல் மலையோரத்துக்கு விழுந்தால் என்ன செய்வதென்று தூக்கமில்லாமல் கிடந்தேன். அந்த 31-ல் ஒருத்தி முதல் நாள் பிரவேசனோத்சவம் என்கிற பள்ளி திறப்பு விழாவுக்கு வந்து பலூன் வாங்கிக்கொண்டு போனவள், அதன் பிறகு வரவில்லை.

பள்ளி திறந்தது திங்கள். ஆறாம் நாள் அடுத்த திங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன், வீடு பூட்டியிருந்தது. திங்கள் காலை ஏழரைக்கு மறுபடி போனேன். தோட்டத்து வரப்பில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஓட்டு வீடு. வாசல் திண்ணையில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் தம்பி. அம்மா தொழிலுறப்பு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பது அங்கே தொழிலுறப்பு. பாட்டி ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இவ வந்துட்டா சின்னவனை ஆரு பாக்கறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் யோசிக்கிற நிலையிலும் நான் இல்லை. பத்து மணிக்கு எண்ண வருவார்கள், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. "இன்னைக்கு ஒரு நாள் நான் பாத்துக்கறேனுங்க ஆத்தா" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் மகள் வயதுதான் அவனுக்கும். எடை மட்டும் பாதி. என் கண் கலங்கியது உண்மை. தோளில் சாய்ந்த அந்தத் தலையினாலா, மாறுதல் பயத்தினாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் பின்னாலேயே வந்தாள். அவள் பார்த்தது என் கண்ணை மட்டும்.

31 பேரையும் எண்ணினார்கள். டிவிஷன் நின்றது. தம்பியைச் சமையல் செய்கிற அக்கா வாங்கி, அரிசிச் சாக்கை நாலாக மடித்து, அடுப்புச் சூடு படாத மூலையில் படுக்க வைத்தாள். கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்திருக்கிறேன். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். கை நடுங்கவில்லை, ஒன்றுமில்லை. கணக்கு முடிந்தது, என் போஸ்ட் நின்றது, இனி அவள் வந்தாலும் வராவிட்டாலும் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. மதியம் சோறு போடும்போது அந்த அக்காதான் கேட்டாள், "சின்னவன் வல்லையா டீச்சர்? அவனுக்குன்னு கஞ்சித் தண்ணி எடுத்து வெச்சனே." மூலையில் அந்தச் சாக்கு மடித்தபடியே இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் நேரே நடந்தேன். இந்தத் தடவை அம்மா இருந்தாள். சின்னவனும் கூட வரட்டும், சமையல்கூடத்தில் அக்கா பார்த்துக்கொள்வாள், நீங்கள் வேலை முடிந்து வரும்போது கூட்டிப் போங்கள் என்றேன். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. ஹெட்மாஸ்டரிடம் மறுநாள்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுப்புப் பக்கம் போகாம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அங்கன்வாடியில் சேர்க்கிற வயது வரும்வரை அவன் அந்த மூலையில்தான் வளர்ந்தான். இடைவேளையில் அவனுடைய அக்கா வகுப்பிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பால் கொடுக்கிற நாளில் தன் டம்ளரில் கால் பங்கு விட்டு எடுத்துப் போவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

படிப்பில் அவள் நடுத்தரம். நாலு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய விசேஷம் இல்லை. தமிழை நன்றாக வாசித்தாள், மலையாளத்தை அதைவிட வேகமாகப் பேசினாள். 2017-ல் எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஊரில் பெற்றோர்கள் நிறையக் கவலைப்பட்டார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு மொழியிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கவலை வேறு. நாலாம் வகுப்பு முடிந்ததும் தமிழ் மீடியம் யு.பி. ஸ்கூல் தூரமாக இருந்தால், பெண் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள். அவள் நிற்கக் கூடாது என்று அந்த மார்ச் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

செண்டாஃப் அன்று அவள் சொன்னதைத் திருத்தியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம், "உன்னைத் தேடி வரலை கண்ணு, எண்ணிக்கையைத் தேடி வந்தேன்" என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் அவள் நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை, சம்பாதிக்காத கூலி மாதிரி கையில் வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. டி.சி. வாங்க அவள் அம்மா வந்தபோது அலுவலக அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு முதல்ல வந்தது என் வேலைக்காகத்தாங்க. ஒரு ஆள் குறைஞ்சிருந்தா என்னை மாத்தியிருப்பாங்க."

அவள் டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அது தெரியுமுங்க டீச்சர். ஆறாம் நாள் கதை ஊருக்கே தெரியுமுங்களே. இவங்க அப்பா கூட அன்னைக்கு, இனி வர மாட்டாங்கன்னாரு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "மறுநாளும் வந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். யு.பி. ஸ்கூலுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

சின்னவனும் கூட வந்திருந்தான். ஜூனில் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அட்மிஷன் ஃபாரத்தை நான் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவனுடைய அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கூடத்துப் பக்கம் போனாள். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"இங்கதாண்டா நீ படுத்திருப்ப."

"பொய்யி. இங்க விறகுதான இருக்குது?"

"அப்ப சாக்கு இருந்துச்சுடா."

விறகை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறந்த தேதி என்ன என்று அம்மாவைக் கேட்டு எழுதினேன்.