மாதாமாத மாத்திரைக்கு யார் பொறுப்பு?

திருவிழா, கல்யாணம் என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். "கவர்மென்ட் எதுக்கு ஆஸ்பத்திரி நடத்தணும்? ஆளுக்கொரு இன்சூரன்ஸ் கார்டக் குடுத்துட்டா, அவுக புடிச்ச எடத்துல பாத்துக்கிறாக." ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற சிமெண்ட் டைல்ஸ் கல் செய்யும் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். அங்கே தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், இந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் கலர் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை உருவிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். குந்தியபடியே செய்கிற வேலை. நாற்பது வயதுக்குள் முட்டி தேய்ந்துவிடும். ஈரச் சிமெண்டில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகும். இதற்காக யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. சுகருக்கும் பிரஷருக்கும் அப்படித்தான். காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது மாதாமாதம் வாங்கும் மாத்திரையும், டெஸ்டும், அதற்காக விடுகிற ஒருநாள் கூலியும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் விரிவான திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து, இன்று குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தருகிறது. எங்கள் மேஸ்திரி அண்ணனுக்கு மதுரையில் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தது இந்தக் கார்டில்தான். அது இல்லையென்றால் அவர் வீட்டுப் பத்திரம் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் அந்தக் கார்டு கிடைக்க வைத்திருக்கும் குடும்பத்தின் வருஷ வருமான வரம்பைப் பாருங்கள். 72,000 ரூபாயாக இருந்ததை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அப்படியும் மாசம் 10,000 தான். புருஷனும் பெண்சாதியுமாகப் பட்டறைக்கு வருகிற வீட்டில், உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதினால் வரம்பைத் தாண்டிவிடும். தனியார் பாலிசி எடுக்கவும் அவர்களால் முடியாது. நடுவில் நிற்கிறார்கள்.

தனியார் பாலிசி எப்படி வேலை செய்கிறது என்பதை என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்தபோது பார்த்தேன். 3 லட்சம் பாலிசி, அறை வாடகைக்கு ஒரு சதவீத வரம்பு. அதாவது நாளுக்கு 3,000. கிடைத்த அறை 6,000. எங்கள் கையிலிருந்து போனது வாடகை வித்தியாசம் மட்டுமல்ல. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டினார்கள். வலியில் கத்துகிற எழுபது வயசுப் பெண்மணியை வைத்துக்கொண்டு எந்த மருமகள் பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்? பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய அதிகபட்சக் காலத்தை 4 வருஷத்திலிருந்து 3 ஆகக் குறைத்திருக்கிறார்கள், 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியை நீக்கினார்கள். நல்லதுதான். வசதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அதையே நாட்டுக்கெல்லாம் வழி என்று சொல்லக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் வருமானச் சான்று கேட்டா மாத்திரை தருகிறார்கள்? 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஸ்டென்ட் வைத்த மேஸ்திரி அண்ணன் இன்றைக்கும் நடமாடுவது, ஒரு நாளும் விடாமல் அவர் விழுங்கும் அந்த அரசு மாத்திரையால். கார்டு அவரை ஒரு தடவை காப்பாற்றியது. தினமும் காப்பாற்றுவது ஆஸ்பத்திரி. அதுவும் வரிப்பணத்தில் நடப்பது. தீப்பெட்டி வாங்குகிறவரும் அந்த வரியைக் கட்டுகிறார்.

ஆஸ்பத்திரியில் குறையே இல்லையா? வரிசை நீளம், உட்கார இடமில்லை, ஸ்கேனுக்குத் தேதி தள்ளிப்போகும். அதற்காக அதை மூட வேண்டுமா, ஆளும் பணமும் கூட்ட வேண்டுமா? காப்பீட்டுக்காரர் பணம் கட்டுவார், சரி. பக்கத்தில் டாக்டரே இல்லாத ஊரில் யாருக்குக் கட்டுவார்?

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் டாக்டர் உட்கார வேண்டும், ஆறு மணிக்கு வேலை விட்டு வருகிறவர்கள் கூலி போகாமல் காட்டிக்கொள்ள. அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்கப்போகிறோம். பட்டறைப் பெண்கள் மனுவில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அவரவர் கிராம சபையில் கேளுங்கள்.