எடை மிகுந்த குழந்தை, முதிராத நுரையீரல்

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, நான்கு கிலோவைத் தாண்டிய குழந்தை பிறந்தால் உடனே எழும் கேள்வி, தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்பதே. கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையைப் பார்த்து உறவினர்கள் பூரித்துக்கொண்டிருக்கும்போது, அதன் குதிகாலில் குத்தி இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும் என்றால், இவ்வளவு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். நம் கண்கள் எடையை ஆரோக்கியமாகவே பார்த்துப் பழகியவை.

தாயின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. தாயின் இன்சுலின் அப்படிக் கடப்பதில்லை. எனவே, வந்து சேரும் சர்க்கரையைக் கையாள கருவின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் எங்கள் புரிதலுக்கு அடிப்படை. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் என்பதால் கருவின் உடலில் கொழுப்பு சேர்கிறது, கல்லீரல் பெருக்கிறது, இதயத்தின் இடைச்சுவர் தடிக்கிறது. ஆனால் தலை அந்த அளவுக்கு வளர்வதில்லை. அதனால்தான் சில பிரசவங்களில் தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொள்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் உருவாவதையும் அதே இன்சுலின் தாமதப்படுத்துவதால், 37 வாரங்கள் நிறைந்த பெரிய குழந்தைகூட மூச்சுத்திணறலோடு எங்களிடம் வருவதுண்டு.

தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. குழந்தையின் கணையமோ உடனே அடங்குவதில்லை. முதல் சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரிவது இதனால்தான். நடுக்கமோ சோர்வோ வெளியே தெரியாமலும் அது சரியலாம் என்பதால், முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுப்பதிலும் தொடர்ந்து அளவு பார்ப்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"நான் இனிப்பு சாப்பிட்டதாலா டாக்டர்?" என்று தாய்மார்கள் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. சிலருடைய கணையத்தால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. இதைச் சொல்லாமல் உணவுப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களின் நிலை வேறு. இதயமும் தண்டுவடமும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருப்பெறுகின்றன. கர்ப்பம் உறுதியாகும்போது அதில் பெரும்பகுதி கடந்துவிட்டிருக்கும். அந்த முதல் வாரங்களில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவேதான், பாதுகாப்பாக எட்ட முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறோம். வழக்கமாக 24 முதல் 28 வாரங்களில் கண்டறியப்படும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், உறுப்புகள் உருவான பின்பே தலைதூக்குவதால் பொதுவாக இக்குறைபாடுகளை உண்டாக்குவதில்லை.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் பரிசோதனை தேவை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் நிலைத்துவிட்டதென்றால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும்.